மூன்று வாய்ப்புகளும் ஒரு பூட்டும்

நமது பிராந்தியத்தின் வானம் இனிமேல் பழைய வானமாக இருக்கப்போவதில்லை என்பதை இங்கே குழுமியிருக்கும் அனைவருக்கும் பெருமிதத்தோடு அறிவித்துக்கொள்கிறேன்.

குழுமியிருப்பது ஐயா நீங்களும், தட்டச்சு செய்யும் அம்மாவும், நானும்தான். இருந்தாலும் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் அறிக்கையின் முதல் வாக்கியம் அது. எழுதியவன் நான். ஆரம்பத்திலிருந்து சொல் என்றீர்கள், ஆரம்பம் அதுதான்.

அறிக்கை எதைப் பற்றியது என்றால், நாற்காலிகளைப் பற்றியது. எங்கள் விமான நிலையத்துக் காத்திருப்புக் கூடத்தில் முப்பத்தெட்டு நாற்காலிகள் இருந்தன. வந்துபோகிற விமானத்தில் எழுபத்தெட்டு பேர் ஏறலாம். மிச்சம் நாற்பது பேர் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வருஷக்கணக்காக நின்றார்கள், யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. ஒருநாள் ஒரு பெரிய மனிதருக்கு முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தது. பிராந்தியத்தின் வளர்ச்சி முடங்கிக் கிடப்பது அன்று கண்டுபிடிக்கப்பட்டது.

என் பெயர் கனகராஜ். ஐம்பத்திரண்டு வயது. வில்லியனூரில் சொந்த வீடு, சர்க்கரை உண்டு, வேறு கெட்ட பழக்கம் கிடையாது. தென்வானம் ஆலோசனை நிறுவனத்தில் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவர். பிரிவில் என்னைத் தவிர ஒரே ஒருவர்தான், ரோஸ்லின். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது அவர் வேலை. இருபது வருஷமாக அதைச் செய்கிறவர். நாய் குரைப்பதை வைத்தே வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார் என்று நாங்கள் கேலி செய்வது உண்டு.

முனையத்தை விரிவாக்க எங்களிடம் மூன்று வாய்ப்புகள் கொடுக்கப்பட்டன. முதலாவது, இருக்கிற கட்டிடத்தைக் கிழக்கே நீட்டுவது. இரண்டாவது, அதன் தலையில் ஒரு மாடி ஏற்றுவது. மூன்றாவது, கரிக்கலாம்பாக்கத்துப் பக்கம் வயலும் மனைக்கல்லுமாகக் கிடக்கும் நிலத்தில் ஓடுபாதையோடு புத்தம்புது முனையம். மூன்றையும் நடுநிலையோடு ஆராய்ந்து மதிப்பெண் போடவேண்டும். எங்கள் இயக்குநர் தமிழ்க்குமரன் என்னைக் கூப்பிட்டு நடுநிலையோடு ஆராயச் சொன்ன அன்று, மூன்றாவது வாய்ப்பின் வண்ணப்படம் அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க மாட்டியிருந்தது. பனையோலை விசிறி மாதிரி கூரை. முன்னால் நீரூற்று. அதில் நடமாடிக்கொண்டிருந்த பயணிகள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள்.

இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் தொழிலில் முடிவு முதலில் வரும், ஆய்வு பின்னால் வரும். 'எதிர்கால வளர்ச்சி' என்று ஒரு தலைப்புப் போட்டு அதற்கு நாற்பது மதிப்பெண் கொடுத்தேன். 'மக்கள் இடப்பெயர்வு' என்பதற்கு ஐந்து கொடுத்தேன். கூட்டிப் பார்த்தால் மூன்றாவது வாய்ப்பு தானாகவே முதலில் வந்தது. கணிதத்தின் மேல் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

ஒரே ஒரு இடைஞ்சல்தான். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இடம்பெயரும் குடும்பங்கள் பத்துக்கு மேல் போனால் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்கவேண்டும். கருத்துக் கேட்டால் ஊரில் எல்லோருக்கும் கருத்து இருக்கும். இரண்டு வருஷம் போய்விடும். நாங்கள் குறித்திருந்த நிலத்தின் நடுவில் தைக்கால் தெரு என்று ஒரு தெரு. அதில் பதினோரு வீடு.

தமிழ்க்குமரன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பிராந்தியத்தோட தலையெழுத்தே ஒரு வூட்டுல தொங்குதுன்னா அசிங்கமா இல்ல கனகராஜ்? ஒண்ணுதானேப்பா. அதுகூட ஒன்னால முடியாதா?" என்றார்.

முடியும் என்றேன். முடியாது என்று சொல்லியிருந்தால் வேறு யாராவது முடித்திருப்பார்கள். இதை நான் காரணமாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

கணக்கெடுப்பில் ஒரு நடைமுறை உண்டு. வெவ்வேறு வாரங்களில் மூன்று தடவை போயும் ஒரு வீடு பூட்டியே இருந்தால், அதை ஆளில்லாத வீடு என்று குறிக்கலாம். நியாயமான விதிதான். நம் பக்கத்தில் பிரான்சில் போய் இருந்துகொண்டு இங்கே பூட்டிப் போட்டிருக்கிற வீடுகள் எத்தனை! அதற்காக ஏற்பட்ட விதி. தைக்கால் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தெருமுனை டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இன்னாசிமுத்து கேட்காததற்கும் பதில் சொல்கிறவர்.

"பூட்டுன வூடா? அப்படி ஒண்ணும் கெடயாது சார். இங்க எல்லாம் ஆளு பூந்து வழியுது. ஆங்... ஹம்சா பாய் வூடு வோணா வெள்ளிக்கெழம மத்தியானம் ஒரு மணி நேரம் பூட்டி இருக்கும்."

"ஏன்?"

"அவரு சம்சாரத்துக்குக் கையும் காலும் ஒரு பக்கம் வராது சார். படுத்த படுக்க. மத்த நாளுல பக்கத்து வூட்டு ஹசீனா பாத்துக்கும். வெள்ளிக்கெழம பாய் கடய மூடிட்டு வூட்ல இருப்பாரு. தொழுவப் போறப்ப மட்டும் வெளிய பூட்டிட்டுப் போவாரு. உள்ள தாப்பா போட ஆளு இல்லியே. சும்மா சாத்தினா ஆடு பூந்துரும். போன வருசம் ஒரு ஆடு பூந்து அந்தம்மா மாத்திரையெல்லாம் தின்னுட்டுச்சு. ஆட்டுக்கு ஒண்ணும் ஆவல."

டீ நன்றாக இருந்தது. இரண்டாவதும் குடித்தேன்.

மூன்று வெள்ளிக்கிழமை போனோம். மூன்று தடவையும் மதியம் ஒன்றேகால். முதல் வெள்ளிக்கிழமை கதவில் பூட்டு தொங்கியது, பதிவு செய்தோம். இரண்டாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே. உள்ளே யாரோ இருமியது போல இருந்தது. இருமல் பதிவேட்டில் ஏற்றுகிற விஷயம் அல்ல. மூன்றாவது வெள்ளிக்கிழமை ரோஸ்லின் வழக்கத்தை விடாமல் கதவைத் தட்டிவிட்டார். உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் சொன்னது புரிந்தது.

"யாரு அது? அவங்க தொழுவப் போயிருக்காங்க. இப்ப வந்துருவாங்க. வெளிய சேர் கெடக்குது பாருங்க, குந்துங்க."

வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வெயில். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்துதான் எழுதினேன்: 'மூன்றாம் வருகை. பூட்டு. ஆளில்லை.'

ரோஸ்லின் என் தலைக்கு மேல் நின்று படித்தார்.

"இன்னா சார் எழுதறீங்க? உள்ள ஆளு பேசுது."

"வீடு பூட்டியிருக்கா இல்லையா?"

"பூட்டிதான் இருக்குது."

"விதியில பூட்டைப் பத்தித்தான் இருக்கு. குரலைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தம்மா யாரு சார்? ரேடியோவா?" என்றார். பிறகு தன் குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். நான் என்ன என்று கேட்கவில்லை. பெண்கள் கோபத்தில் எழுதுவதைக் கேட்கக்கூடாது என்பது என் கொள்கை.

ஆக, பத்து குடும்பங்கள். பட்டியலைக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினோம். அங்கே அதற்குமுன் இருந்த வீட்டுப் பட்டியல் மிகவும் பழசு. எங்களுடையது புதுசு, வண்ண வரைபடத்தோடு இருந்தது. அதனால் பேரிடர்ப் பணிக்கும் அதையே வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தமிழ்க்குமரன் அதைக் கையளிக்கிற மாதிரி ஒரு புகைப்படம் எடுத்து அலுவலகத்தில் மாட்டினோம். பட்டியலின் அடியில் தொடர்புக்கு என்று என் பெயரும் கைபேசி எண்ணும் இருந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

பத்து நாள் கழித்து அமீர் ஹம்சா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வில்லியனூரில் பயணப்பைக் கடை வைத்திருக்கிறவர். அறுபதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள். கையில் ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டுவரி ரசீது, ஒரு கல்யாண போட்டோ. போட்டோ எதற்கு என்று கேட்டேன்.

"இல்ல சார், ஆமினான்னு ஒருத்தி இருக்கான்னு காட்டறதுக்கு. லிஸ்ட்ல எங்க வூட்டுல ஆளே இல்லன்னு போட்டிருக்குது. ஏர்ப்போர்ட்டுக்கு நான் ஒண்ணும் எதிரி இல்ல சார். ஏர்ப்போர்ட் வந்தா பேக் வியாபாரம் எனக்குத்தானே? எங்கள இருக்கறாங்கன்னு மட்டும் எழுதிடுங்க. போதும்."

எவ்வளவு சின்ன விண்ணப்பம் பாருங்கள். டீ வரவழைத்துக் கொடுத்தேன். அடுத்த திருத்தத்தில் சேர்த்துவிடலாம், இப்போது பட்டியல் மேலே போய்விட்டது என்றேன். என் விசிட்டிங் கார்டைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் பாய் என்றேன். அவர் அதைச் சட்டைப்பைக்குள் ரேஷன் கார்டுக்கு நடுவில் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் டீ கொடுத்தேன். யாரையும் எடுத்தெறிந்து பேசுவது என் சுபாவத்தில் இல்லை. மூன்றாவது தடவை, என் மேஜையில் அறிக்கை கட்டுக் கட்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நான்காவது தடவை வரும்போது கடையிலிருந்து ஒரு தோள்பை கொண்டுவந்தார். ஜிப் வைத்தது, உள்ளே மூன்று அறை. "மழ வந்தாலும் பேப்பர் நனையாது சார்" என்றார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தினார். அவர் வீட்டில் ஆளில்லை என்று சொல்லும் அறிக்கையை அதற்குப் பிறகு அந்தப் பையில்தான் கொண்டுபோனேன். உண்மையிலேயே நனையவில்லை.

அவ்வளவு தூரம் அலைந்தவர் கடைசியாகப் போகும்போது கேட்டது இதுதான்: "சார், நான் தப்பா ஏதாச்சும் கேக்கறனா?"

இல்லை பாய் என்றேன்.

பிறகு அந்தப் புயல். அந்தச் சனிக்கிழமை அடித்த மழை உங்களுக்கும் தெரியும். சாயங்காலமே தைக்கால் தெருவில் பத்துக் குடும்பத்தையும் லாரியில் ஏற்றிப் பள்ளிக்கூட முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஹம்சா மட்டும் போகவில்லை. படுத்த படுக்கையான மனுஷியை லாரியில் எப்படி ஏற்றுவது? முகாமில் கழிப்பறைக்கு என்ன செய்வது? "காலைல கடைக்குப் போயி சின்ன யானை வண்டி ஒண்ணு புடிச்சாந்து, கட்டிலோட தூக்கிட்டு வந்துடறேன்" என்று ஹசீனாவிடம் சொல்லியிருக்கிறார். ஹசீனாவும் அதை நம்பித்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஹம்சா ஆறரைக்குக் கிளம்பினார். எப்போதும் போல வெளியே பூட்டினார். வண்டி கிடைத்துத் திரும்பும்போது ஏரி நிரம்பிக் கலிங்கு வழிந்து, பாலத்தருகே சாலைமேல் இடுப்பளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரர் திரும்பிவிட்டார். இவர் நின்றார்.

ஏழு நாற்பதுக்கு எனக்குப் போன் வந்தது. நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், நான் ஹம்சா, பேக் கட. பாலத்தாண்ட நிக்கறேன் சார். தண்ணி போவுது. ஆமினா உள்ள இருக்கா. நான்தான் பூட்டிட்டு வந்தேன், சாவி என்கிட்ட இருக்குது. கன்ட்ரோல் ரூம்ல சொன்னா, அந்தத் தெருவுல பத்து வூடு, பத்தும் முகாம்ல இருக்குது, கணக்கு சரியா இருக்குதுன்றான். என் வூடு லிஸ்ட்ல காலின்னு சொல்றான். லிஸ்ட் உங்க லிஸ்ட்டாமே சார். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. படகு அனுப்பிடுவாங்க."

"பதட்டப்படாதீங்க பாய். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் யோசித்தேன். மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு உயர்நிலைக் குழுமுன் எங்கள் அறிக்கை. மீட்புப் பதிவேடு என்பது அரசாங்க ஆவணம். பதினோராவது வீட்டிலிருந்து ஒருவர் மீட்கப்பட்டார் என்று அதில் ஒரு வரி ஏறிவிட்டால், அந்த வீட்டில் ஒருவர் இருந்தார் என்று ஆகிவிடும். குடும்பங்கள் பதினொன்று ஆகிவிடும். அதற்குப் பிறகு கருத்துக் கேட்பு, இரண்டு வருஷம், என் கையெழுத்துப் போட்ட பட்டியல் பொய் என்ற பேச்சு. எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தது. நான் பதற்றத்தில் எதையும் செய்யவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

எட்டு ஐந்துக்கு முத்துசாமி என்பவர் கூப்பிட்டார். மீட்புப் படகோடு இருந்த வருவாய்த்துறைக்காரர். பட்டியலின் அடியில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

"சார், ஒரு பாய் இங்க அழுதுகினு நிக்கறாரு. கன்ட்ரோல் ரூம்ல ஆளே இல்லன்றாங்க. எங்கிட்ட இருக்கறது ஒரே போட்டு. கரியமாணிக்கம் பக்கம் கூரை மேல ஆளு நிக்கறாங்கன்னு வேற கூப்புடறாங்க. இங்க போயிட்டு அங்க போவ முடியாது. நீங்கதானே வூடு வூடா போயி எழுதினவரு? சட்டுனு சொல்லுங்க. அந்தப் பதினோராவது வூட்ல ஆளு உண்டா, இல்லியா?"

பின்னால் ஹம்சாவின் குரல் கேட்டது. "அந்த சார்தான், அவருக்குத் தெரியும், அவருகிட்ட கேளுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்கள் பதிவின்படி இல்லை" என்றேன்.

இந்த வாக்கியத்தை நீங்கள் எந்தச் சபையில் வேண்டுமானாலும் ஆராயலாம். எங்கள் பதிவின்படி இல்லைதான். கூரை மேல் நிற்கிறவர்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று மட்டும் ஹம்சாவிடம் சொல்லிவிட்டு முத்துசாமி படகைத் திருப்பினாராம். படகு கரியமாணிக்கத்துக்குப் போனது. அங்கே பதினான்கு பேரை இறக்கினார்கள், அதில் ஒரு கைக்குழந்தை. அந்தப் பதினான்கு பேரைப் பற்றி யாரும் என்னிடம் விசாரணை வைக்கவில்லை. அவர்கள் உயிரோடிருப்பதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்று சில நாட்களில் தோன்றுகிறது. அப்படித் தோன்றுகிற நாட்களில் தூக்கம் வருகிறது.

தைக்கால் தெருவில் தண்ணீர் ஒன்பது மணிக்கு வாசற்படி ஏறியது. பத்தரைக்குக் கட்டில் உயரம். ஹம்சா இரண்டு தடவை தண்ணீரில் இறங்கினார், இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டுவந்து கரையில் உட்காரவைத்தார்கள். ஒரு மணிக்கு ஒரு டிராக்டர் கிடைத்து, அதில் போய், சாவியைப் போட்டுப் பூட்டைத் திறந்தார். பூட்டு நல்ல பூட்டு. தண்ணீரில் ஊறியும் ஒரே திருகில் திறந்தது என்று டிராக்டர்காரர் சொன்னார்.

மறுநாள் அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. தண்ணீர் வடிந்த இடத்தில் அந்த நீல நாற்காலி வேலியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஹம்சா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க சொன்னீங்க சார். நீங்க சொல்லியும் அவனுங்க வரல. அன்னிக்கி அத்தன பேருல போன் எடுத்துப் பேசுனது நீங்க ஒருத்தர்தான் சார்."

நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

உங்களிடமும் அவர் அப்படித்தான் வாக்குமூலம் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் என்னை இங்கே கூப்பிட்டிருக்கவே வேண்டாம். ரோஸ்லின் வேலையை விட்டுப் போகும்போது குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. நீங்கள் திருப்பி வைத்திருக்கிற பக்கம் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. 'உள்ளே ஒரு அம்மா இருக்கிறார். எங்களைக் குந்தச் சொன்னார். சார் குந்தினார்.' இருபது வருஷ அனுபவம்; ஒரு சொல் கூட அதிகம் இல்லை.

ஐயா, நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் ஆள் இருப்பது எனக்குத் தெரியும். டீக்கடையிலேயே தெரியும். ஞாயிற்றுக்கிழமை எட்டு ஐந்துக்கும் தெரியும். கதவு பூட்டியிருப்பதும், சாவி எங்கே இருக்கிறது என்பதும், அந்தம்மாவால் எழுந்து நிற்க முடியாது என்பதும் தெரியும். தெரிந்துதான் இல்லை என்றேன். ஹம்சாவிடம் இதைச் சொல்லவேண்டுமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். சொல்லாமல் விட்டால் நல்லது என்பது என் அபிப்பிராயம். அந்த மனுஷனுக்கு நம்புவதற்கு என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் வெள்ளத்தால் தள்ளிப்போயிற்று. உயர்நிலைக் குழு ஜனவரியில்தான் கூடியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கையைப் பன்னிரண்டு நிமிஷம் பார்த்தார்கள். கரிக்கலாம்பாக்கத்து நிலம் வேண்டாம், அங்கே தண்ணீர் நிற்கிறது என்றார்கள். மாடி வேண்டாம், அஸ்திவாரம் தாங்காது என்றார்கள். கிழக்கே நீட்டுவதற்கு நிதி இல்லை என்றார்கள்.

காத்திருப்புக் கூடத்தில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார்கள்.